திரும்பி வராத டோக்கன்கள்

லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் சின்ன அறை ஒன்று. அதற்குள் இருக்கும் கணினியை யாரும் அணைப்பதில்லை. இரவிலும் வண்டி வரும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நகரத்து அலுவலகத்தில் இருக்கும் கணக்கர் அந்தக் கணினியின் திரையைத் தன் மேசையிலிருந்தே பார்ப்பார். எடைச்சீட்டில் பிழை இருந்தால் இருந்த இடத்திலிருந்தே திருத்துவார். ரிமோட் டெஸ்க்டாப் வகை மென்பொருள் அன்றாடம் செய்யும் வேலை இது.

எட்டு ஒன்பது நாளுக்கு ஒருமுறை, காலையில் அவர் இணைத்தால் கறுப்புத் திரை மட்டும் வரும். போன் போட்டுக் கேட்டால் எடைமேடைக்காரர், "இங்க எல்லாம் நல்லாத்தான் ஓடுது சார்" என்பார். அது உண்மைதான். அவர் கண்ணெதிரே எடை ஏறுகிறது, சீட்டு அச்சாகிறது. ரிமோட் மென்பொருளை ஒருமுறை நிறுத்தித் தொடங்கச் சொன்னால் படம் திரும்பி வந்துவிடும். அடுத்த எட்டு நாளுக்கு அந்தப் பேச்சே எழாது.

இந்தச் சிக்கல் என்னிடம் வந்தபோது மோடம் மாற்றியிருந்தார்கள், கேபிள் மாற்றியிருந்தார்கள், கணினிக்கு ரேமும் கூட்டியிருந்தார்கள். கறுப்புத் திரை மட்டும் மாறவில்லை. கணக்கர் போகிறபோக்கில் இரண்டு விஷயங்கள் சொன்னார். படம் போவதற்கு முந்தின நாள் மாலையே மவுஸ் அம்பு ஒரே உருவத்தில் நின்றுவிடுமாம். எழுதும் பெட்டிக்குள் கொண்டுபோனாலும் அம்பாகவே இருக்குமாம். இன்னொன்று, மாலையில் இணைப்பை மூடாமல் விட்டுப்போனால் மறுநாளும் அந்த இணைப்பு நன்றாகவே ஓடுமாம்; மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தால்தான் கறுப்பு. நோயாளி சொல்வதில் எது முக்கியம் என்று முதல் நாளே மருத்துவருக்குத் தெரிந்துவிடுவதில்லை. இரண்டையும் குறித்துவைத்துக்கொண்டேன்.

ஒரு கணினியின் திரையை இன்னொரு கணினியில் காட்டுவது எப்படி என்று முதலில் பார்த்துவிடுவோம். 1990-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி, ஆரக்கிள் நிறுவனங்களின் பெயரில் இயங்கிய ஆய்வகம் ஒன்று இதற்கு மிக எளிய வழி ஒன்றைக் கண்டது. டிரிஸ்டன் ரிச்சர்ட்சன், குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர், கென்னத் வுட், ஆன்டி ஹாப்பர் ஆகிய நால்வரும் 1998-இல் அதை ஒரு கட்டுரையாக எழுதினார்கள். விஎன்சி என்று இன்று உலகம் முழுக்க அறியப்படுவது அதுதான். தொலைவிலிருந்து ஒன்றைப் பார்ப்பது ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசருக்குப் புதிதல்ல. 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தின் காபிக் குடுவையைக் கேமரா வழியே எல்லோர் திரையிலும் தெரியவைத்தவர்களில் அவரும் ஒருவர்.

விஎன்சியின் வழி இது. திரை என்பது புள்ளிகளின் கட்டம். கட்டத்தில் எந்தச் செவ்வகம் மாறியதோ அதை மட்டும் அனுப்பினால் போதும். 1920-க்கு 1080 அளவுள்ள திரையில் ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் முழுப்படம் 82,94,400 பைட், அதாவது ஏறக்குறைய 8 மெகாபைட். எழுத்து ஒன்று தட்டினால் மாறுவது அதில் நகக்கண் அளவு. அந்த நகக்கண்தான் கம்பியில் போகிறது. பார்க்கும் பக்கம் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. பாதியில் இணைப்பு அறுந்து வேறு ஊரிலிருந்து திறந்தாலும் விட்ட இடத்திலேயே திரை நிற்கும். மிக அழகான அமைப்பு. ஆனால் அதே காரணத்தால் பாக்கி என்று ஏதாவது சேர்ந்தால் அது முழுக்க காட்டும் பக்கத்துக் கணினியில்தான் சேரும். பார்க்கும் பக்கம் தினமும் மூடித் திறக்கும்; காட்டும் பக்கம் வாரக்கணக்கில் தூங்குவதே இல்லை.

மவுஸ் அம்புக்கு மட்டும் இந்த ஏற்பாட்டில் விதிவிலக்கு உண்டு. கையை அசைத்த பிறகு, அம்பின் புதுப்படம் நாற்பது கிலோமீட்டர் கடந்து வந்தால்தான் அது நகரும் என்று வைத்தால், வேலை செய்பவருக்குத் தலை சுற்றிவிடும். அதனால் அம்பின் உருவத்தைத் தனியாக ஒருமுறை அனுப்பிவிடுவார்கள். பார்க்கும் பக்கத்துக் கணினி அதை அங்கேயே வரைந்து அங்கேயே நகர்த்தும். விஎன்சியின் நெறிமுறையில் இதற்கு −239 என்று ஓர் எண்கூட உண்டு. உருவம் மாறும்போதெல்லாம், அம்பு எழுத்துக்கோடாகும்போதும் எழுத்துக்கோடு கையாகும்போதும், புது உருவத்தைக் கேட்டு வாங்கி அனுப்ப வேண்டும். "கேட்டு வாங்கி" என்ற இரண்டு சொற்களில்தான் இந்தச் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

விண்டோஸில் படம் வரைவதற்கான பழைய, இன்றும் உயிரோடு இருக்கும் பகுதிக்கு ஜிடிஐ என்று பெயர். 1985-இல் விண்டோஸின் முதல் பதிப்போடு வந்தது. பேனா, தூரிகை, எழுத்துரு, பிட்மேப் என்று வரைவதற்குத் தேவையான சாமான்களை அது செய்து தரும். ஆனால் சாமானைக் கையில் தராது. ஓர் எண்ணைத் தரும். நிரலாளர்கள் அதை ஹேண்டில் என்பார்கள். கோயில் வாசலில் செருப்பு விட்டால் தரும் டோக்கன் போன்றது அது. செருப்பு உள்ளே அலமாரியில் இருக்கும். நம் கையில் இருப்பது எண் மட்டும். வேலை முடிந்ததும் டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால்தான் அந்த இடம் அடுத்தவருக்குக் காலியாகும். டோக்கனைத் தொலைத்துவிட்டால் செருப்பும் போகாது, இடமும் காலியாகாது.

ஒரு நிரல் ஒரே நேரத்தில் 10,000 ஜிடிஐ ஹேண்டில்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விண்டோஸ் விதித்திருக்கும் வழக்கமான வரம்பு. ஒருவர் லாகின் செய்து திறக்கும் அமர்வு முழுவதற்கும், எல்லா நிரல்களையும் சேர்த்து, 65,536. ஹேண்டில் எண்ணுக்குள் அலமாரியின் இடத்தைக் குறிக்க 16 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். பதினாறு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது இந்த 65,536.

எடுத்ததைத் திருப்பாமல் விடுவதற்குக் கசிவு என்று பெயர். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். கசிவு என்றதும் நினைவகம் தீர்வதாக நினைத்து ரேம் வரைபடத்தைப் பார்ப்பார்கள். அம்பின் வண்ணப்படம் 32-க்கு 32 புள்ளி, 4,096 பைட். அதன் மறைப்புப் படம் 128 பைட். இப்படிப்பட்ட சின்னஞ்சிறு படங்கள் பத்தாயிரம் சிந்திக் கிடந்தாலும் மொத்தம் இருபது மெகாபைட்டைத் தொடுவதே பெரிது. 8 ஜிகாபைட் உள்ள கணினியில் அது கண்ணுக்கே தெரியாது. தீர்ந்துபோனது அலமாரியின் பலகை இல்லை, டோக்கன். ரேமைக் கூட்டியும் அங்கே ஒன்றும் நடக்காததற்குக் காரணம் இதுதான்.

1990-களில் விண்டோஸ் 3.1 வைத்திருந்தவர்களுக்கு இந்த அனுபவம் பழக்கமானது. கணினியில் ரேம் மிச்சம் இருக்கும். ஆனாலும் நினைவகம் போதவில்லை என்று செய்தி வரும். அன்று ஜிடிஐ தன் சாமான்களின் விவரத்தை வைத்துக்கொள்ள வெறும் 64 கிலோபைட் பகுதி ஒன்றைப் பயன்படுத்தியது. அது நிரம்பினால் மற்ற இடம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. அதைவிடக் கொடுமை, ஒரு நிரல் விட்டுப்போன சாமான்கள் அந்த நிரலை மூடிய பிறகும் அப்படியே கிடக்கும். விண்டோஸையே மூடித் திறந்தால்தான் விடிவு. விண்டோஸ் என்டி வழியில் வந்த இன்றைய பதிப்புகள் நிரல் மூடும்போது அது விட்டுச்சென்றதையெல்லாம் கூட்டித் துப்புரவு செய்துவிடுகின்றன. எடைமேடையில் மென்பொருளை நிறுத்தித் தொடங்கியதும் எல்லாம் சரியானதற்கு அந்தத் துப்புரவே காரணம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நோயை அது மறைக்கவும் செய்கிறது: தினமும் மூடித் திறக்கும் நிரல்களில் கசிவு பிறந்து, வளர்ந்து, யார் கண்ணிலும் படாமலே போய்விடும்.

இந்தக் கசிவைப் பார்க்க, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் விவரப் பட்டியலின் தலைப்பை வலது பொத்தானால் சொடுக்கி, ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் என்ற பத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். யாருக்கும் கிடைக்கும் கருவி. ஆனால் தானாகத் தெரியாது, கேட்டால்தான் காட்டும். எடைமேடைக் கணினியில் அந்தப் பத்தியைத் திறந்து, ரிமோட் மென்பொருளுக்கு நேரே இருக்கும் எண்ணைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை குறித்து அனுப்பச் சொன்னேன். முதல் நாள் காலை 146. மாலை 1,300-ஐத் தாண்டியது. மறுநாள் காலையிலும் அதே எண், ஒன்றுகூட இறங்கவில்லை. அன்று மாலை 2,500.

ஓர் எண் பெரியதாக இருப்பதால் மட்டும் அது கசிவு ஆகாது. சில நிரல்களுக்கு ஆயிரம் ஹேண்டில் தேவைப்படும், எடுக்கும், வைக்கும். ஏறுவதும், வேலை ஓய்ந்த பின்னும் இறங்காமலே நிற்பதும்தான் அடையாளம். இரவில் யாரும் இணைக்காதபோது எண் அசையவில்லை என்பதும் ஒரு சேதி. கசிவு கடிகாரத்தோடு போகவில்லை, யாரோ செய்யும் ஏதோ ஒரு செயலோடு போகிறது. அந்தச் செயல் எது?

நேரிலேயே போய் உட்கார்ந்தேன். தொலைவிலிருந்து பார்த்தால் பார்ப்பதே எண்ணைக் கூட்டிவிடும் என்ற சந்தேகம் இருந்தது. என் மடிக்கணினியிலிருந்து இணைப்பைக் கொடுத்துவிட்டு, இரண்டு மவுஸையும் தொடாமல் காத்திருந்தேன். எடை எண்கள் திரையில் மாறிக்கொண்டே இருந்தன, படம் போய்க்கொண்டே இருந்தது. ஹேண்டில் எண்ணிக்கை அசையவில்லை. ஆக, படம் எடுக்கும் பகுதி குற்றமற்றது. பெரிய சந்தேகம் அதன்மேல்தான் இருந்தது. நொடிக்குப் பலமுறை ஓடுவது அதுதானே. இணைப்பைப் பத்துமுறை மூடித் திறந்தேன். ஏறியது, அதே அளவு இறங்கியது. விசைப்பலகையில் தட்டினேன். ஒன்றுமில்லை. மவுஸை மேசைப்பரப்பின் மேல் வட்டமாகச் சுற்றினேன். ஒன்றுமில்லை.

பிறகு வண்டி எண் எழுதும் பெட்டிக்குள் அம்பைக் கொண்டுபோனேன். எண்ணிக்கை ஒன்று ஏறியது.

வெளியே கொண்டுவந்தேன். இரண்டு ஏறியது.

உள்ளே, ஒன்று. வெளியே, இரண்டு. இருபது தடவை செய்தேன், அறுபது ஏறியது. இப்படிப்பட்ட நிமிடங்களுக்காகவே இந்தத் தொழிலை விரும்புகிறேன். எட்டு நாளுக்கு ஒருமுறை மட்டுமே தலைகாட்டிய ஒன்று, இப்போது விரலசைவுக்கு ஒருமுறை வருகிறது. ஒன்று, இரண்டு என்ற அந்த ஏற்றத்தாழ்வு ரேகைபோல. அது யாருடைய ரேகை என்று விண்டோஸில் வரைகலை நிரல் எழுதியவர்களுக்கு உடனே தெரியும்.

அம்பின் உருவத்தைக் கேட்டு வாங்க விண்டோஸில் கெட்ஐகான்இன்ஃபோ என்று ஒரு கட்டளை உண்டு. கேட்டதும் அது அம்பின் படத்தை இரண்டு பிட்மேப்களாக நகலெடுத்துத் தரும். ஒன்று வண்ணம், மற்றது எந்தப் புள்ளியில் பின்னணி தெரிய வேண்டும் என்று சொல்லும் மறைப்பு. எழுத்துக்கோடு மட்டும் வேறுமாதிரி. அதற்குச் சொந்த நிறம் கிடையாது. பின்னால் இருக்கும் நிறத்தைத் தலைகீழாக்கித்தான் அது தெரிகிறது. அதனால் அதற்கு வண்ணப்படம் வராது. இரட்டை உயரத்தில் ஒரே ஒரு மறைப்புப் படம் வரும். அம்புக்கு இரண்டு, எழுத்துக்கோட்டுக்கு ஒன்று.

இந்த நகல்களை வாங்கியவரே அழிக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்டின் ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. மூல நிரலைத் திறந்து பார்த்தேன். வாங்கியிருந்தார்கள், படித்திருந்தார்கள், அனுப்பியிருந்தார்கள். அழிக்கவில்லை.

எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கட்டளையின் பெயரில் இருக்கும் "கெட்" என்ற சொல்தான் பொறி. எட்டிப் பார்ப்பதுபோல ஒலிக்கிறது. உண்மையில் புதிதாக இரண்டு பொருளைச் செய்து நம் தலையில் கட்டுகிறது. ஜிடிஐ உலகில் இந்த ஒரு சொல்லுக்கு மூன்று நடத்தை. கெட்டிசி என்று கேட்டு வாங்கும் வரைகளத்தை ரிலீஸ்டிசி என்று சொல்லித் திருப்ப வேண்டும். கெட்ஸ்டாக்ஆப்ஜெக்ட் தரும் பேனாவும் தூரிகையும் பொதுச்சொத்து, திருப்பவே வேண்டாம். கெட்ஐகான்இன்ஃபோ தருவதை டெலீட்ஆப்ஜெக்ட் கொண்டு அழிக்க வேண்டும். இரவல் வாங்கியது, ஊர்ச்சொத்து, தனக்கே எழுதிக் கொடுத்தது என்று மூன்று வேறு உறவுகளுக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்தால் தவறாமல் இருப்பதுதான் ஆச்சரியம். பொருளுக்கு யார் சொந்தக்காரர் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கணக்கு இப்போது நேராகிறது. உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை போனால் மூன்று டோக்கன் தொலையும். இணைப்பு திறந்திருக்கையில் எடைமேடைக்காரர் மவுஸை அசைத்தாலும் தொலையும். எண் எழுதுவதற்கும் பொத்தானை அழுத்துவதற்கும் அவர் மாறி மாறிப் போவார். நாளுக்கு நானூறு தடவை என்றால் 1,200. பத்தாயிரத்தை எட்ட எட்டு நாளும் சொச்சமும். லாரி குறைந்த வாரங்களில் ஒன்பது நாள்.

கணக்கர் சொன்ன இரண்டு விஷயமும் இப்போது இடத்தில் உட்கார்ந்தன. வரம்பை முட்டியதும் முதலில் தோற்பது அடிக்கடி டோக்கன் கேட்பவர், அதாவது அம்பின் உருவத்தை வாங்கும் கட்டளை. அது தோற்றதால்தான் அம்பு கடைசி உருவத்திலேயே நின்றது. படத்துக்கான பிட்மேப் இணைப்பு திறக்கும்போதே செய்யப்பட்டுவிட்டது. திறந்திருக்கும் இணைப்புக்கு அது கையில் இருக்கிறது, படம் ஓடும். புது இணைப்பு வந்தால் இந்த மென்பொருள் புதியதைச் செய்துவிட்டுத்தான் பழையதை அழிக்கும். புதியதற்கு டோக்கன் இல்லை.

அப்போது பிழைச்செய்தி ஏன் வரவில்லை, கறுப்பு ஏன் வந்தது? ஜிடிஐயில் நினைவகத்துக்குள் ஒரு வரைகளத்தை உருவாக்கினால் அதோடு ஓர் ஆரம்ப பிட்மேப் ஒட்டிக்கொண்டு வரும். அதன் அளவு ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி, கறுப்பு வெள்ளை. பெரிய பிட்மேப் கிடைக்காமல் போனால், அதைக் கவனிக்காத நிரல் முழுத்திரையையும் அந்த ஒற்றைப் புள்ளியின் மேல் வரையும். வரைந்தது எங்கும் பதியாது, புகாரும் எழாது. பார்ப்பவர் பக்கம் வருவது நிரப்பப்படாத வெறும் கறுப்பு. தோல்வி தெரியும் இடமும் தோல்வி பிறந்த இடமும் வேறு என்பதால்தான் கசிவைப் பிடிப்பது கடினம். கறுப்புத் திரை வந்த வரியை எத்தனை முறை படித்தாலும் அங்கே பிழை இருக்காது. டோக்கன் தீர்ந்த பிறகு கேட்டவர், முந்தைய பத்தாயிரம் பேரின் கணக்கைத் தாங்குகிறார்.

கறுப்புத் திரையால் ஒரு கணக்கருக்கு ஒரு காலைப்பொழுது போகும். எல்லாக் கசிவும் அவ்வளவோடு நிற்பதில்லை. 1992 நவம்பர் 4 அதிகாலை, லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கணினி அமைப்பு நின்றுபோனது. நிரலில் விட்டுப்போயிருந்த சிறு துண்டு ஒன்று, வண்டி அனுப்பப்படும் ஒவ்வொரு முறையும் கோப்பு சர்வரின் நினைவகத்தில் கொஞ்சத்தை எடுத்துத் திருப்பாமல் வைத்துக்கொண்டதென்று பின்னர் நடந்த விசாரணை கண்டறிந்தது. மூன்று வாரம் தாக்குப்பிடித்தது. சோதிப்பவர்கள் ஒரு நாள், இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தால் இத்தகைய பிழை அகப்படவே அகப்படாது. வாரக்கணக்கில் ஓடப்போகும் நிரலை வாரக்கணக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும், அல்லது அந்த வாரங்களின் வேலையைச் சில மணி நேரத்துக்குள் திணித்துப் பார்க்க வேண்டும்.

குறுக்குவழி ஒன்றும் உண்டு. எனக்கு அதைச் செய்யச் சொல்லி ஆலோசனையும் வந்தது. விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஜிடிஐபிராசஸ்ஹேண்டில்கோட்டா என்ற மதிப்பை மாற்றினால் பத்தாயிரம் என்ற வரம்பை 65,536 வரை உயர்த்தலாம். எட்டு நாள் ஐம்பது நாளைத் தாண்டும். ஆனால் அமர்வு முழுவதற்கும் இருப்பது அதே 65,536 என்பதால், இந்த ஒரு நிரல் வீங்க வீங்க மற்ற நிரல்களுக்கு டோக்கன் இல்லாமல் போகும். இன்று ரிமோட் படம் மட்டும் கறுக்கிறது; அன்று எடைமேடைக்காரர் திரையிலேயே பட்டன்கள் காணாமல் போகும். அந்த வழி வேண்டாம் என்றேன்.

திருத்தம் இரண்டு வரி: வேலை முடிந்ததும் வண்ணப்படத்தை அழி, மறைப்பை அழி. அந்த வரிகளை, அம்பின் உருவத்தை வாங்கும் கட்டளைத்தொகுதியின் கடைசியில் சேர்த்து ஓட்டினேன். அம்பு இப்போது ஏறவில்லை. எழுத்துக்கோடு இன்னும் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. வண்ணப்படம் இல்லாத உருவத்துக்கு நிரலில் தனிக்கிளை இருந்தது. அது தன் வேலையை முடித்துவிட்டு நடுவழியிலேயே வெளியேறிவிடும், கடைசி வரிகளுக்கு வருவதே இல்லை. இருபது தடவை உள்ளே வெளியே போனதில் இருபது ஏற்றம் இருந்ததால்தான் கண்ணில் பட்டது. அம்பை மட்டும் சோதித்துவிட்டுக் கிளம்பியிருந்தால், எட்டு நாள் இருபத்துநான்கு நாளாகியிருக்கும்.

எத்தனை கிளை இருந்தாலும் எந்த வழியாக வெளியேறினாலும் அழிப்பது தானாக நடக்க வேண்டும். சி++ மொழியில் அதற்கு நல்ல வழக்கம் உண்டு. ஹேண்டிலை ஒரு சிறு உறைக்குள் வைத்துவிடுவது. அந்த உறையின் ஆயுள் முடியும் இடத்தில், அதாவது கட்டளைத்தொகுதியை விட்டு எந்தக் கதவு வழியே போனாலும், உள்ளிருக்கும் ஹேண்டில் அழிந்துவிடும். நிரலாளரின் ஞாபகசக்தியை நம்ப வேண்டியதில்லை. இரண்டு வரியை எடுத்துவிட்டு இரண்டு உறை போட்டேன்.

விண்டோஸ் 8-இல் வந்த டெஸ்க்டாப் டூப்ளிகேஷன் என்ற புது வழியில் அம்பின் உருவத்தை வாங்கும் முறையே மாறியிருக்கிறது. கேட்பவரே ஒரு பாத்திரத்தைக் கொண்டுபோய் நீட்ட வேண்டும். விண்டோஸ் அதில் புள்ளிகளை ஊற்றித் தரும். பாத்திரம் யாருடையது என்ற குழப்பமே எழாது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் அங்கேயும் வாங்கிய ஒவ்வொரு படத்தையும் விடுவித்த பிறகுதான் அடுத்ததைக் கேட்க முடியும், பெற்ற ஒவ்வொரு பொருளையும் கணக்குப் பார்த்து விட வேண்டும். சொந்தம் பற்றிய கேள்வி இடம் மாறியிருக்கிறதே ஒழிய ஒழிந்துவிடவில்லை.

கிளம்பும் முன் மவுஸைத் தானாக நகர்த்தும் சிறு நிரல் ஒன்றை எழுதி ஓடவிட்டேன். பெட்டிக்குள், வெளியே, பெட்டிக்குள், வெளியே, பத்தாயிரம் சுற்று. பழைய நிரலாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும்போதே வரம்பை முட்டியிருக்கும். அந்த இடம் கடந்த பிறகு இணைப்பை மூடி, புதிதாகத் திறந்தேன். படம் வந்தது. பத்தியில் 147 என்று இருந்தது.

மூன்று வாரம் கழித்து எடைமேடைக்காரர் போனில் எண்ணை வாசித்தார். 149. முதல் நாளின் 146-ஐவிடக் கூடிய அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் பார்த்தேன். ரிமோட் மென்பொருளின் அச்சு அறிவிப்புப் பெட்டி ஒன்று திறந்திருந்தபோது ஏறியது. மூடியதும் 146-க்கு இறங்கியது.